பதினொரு மணிப் பாடம்

"கொழும்பில் பாடம் தொடங்கும் முன்பே எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டு முடித்துவிட்டு வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள்!"

பெரகல சந்திக் கடையில் நின்று தோட்டப் பள்ளிக்கூடத்து நல்லையா மாஸ்டர் இப்படி அளந்தபோது, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் இரண்டு கழன்று விழுந்தது. கடைக்காரர் ஸஹாப்தீன் மட்டும் சிரிக்கவில்லை. தராசுத் தட்டை நிறுத்திவிட்டு மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்டர், பொய் செல்றத்துக்கும் ஒரு அளவு ஈக்கி. இத மட்டும் நீங்க காட்டினா, இந்தத் தராசத் தலையில வெச்சிக்கொண்டு வெலிமட வரைக்கும் நடக்கிறேன்."

"தராசத் தொடச்சி வைங்க முதலாளி. புதன்கிழம கல்வி அதிகாரி வர்றாரு. ரேடியோவுக்குப் புது பெட்டரிய எடுத்துக்கிட்டு நீங்களே வந்து பாருங்க."

பேச்சில் இருந்த மிடுக்கு மாஸ்டருக்குக் கடையைத் தாண்டும்வரைதான். புதன்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே மலை ஏறினார்.

வானொலிப் பெட்டி எழுபத்துநாலாம் ஆண்டு தைமாதம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒரு பசுமாட்டின் கனம்; நாலு பேர் சுமந்தார்கள். அதற்குக் கட்டிய ஏரியல் கம்பியில் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயத்துத் துணியையும் ஒரே நாளில் காயப்போடலாம். இனி கொழும்பிலிருந்து பெரிய பெரிய ஆசிரியர்கள் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் விஞ்ஞானமும் நடத்துவார்கள். பதினொரு மணிக்குப் பெட்டியைத் திருப்பிவிட்டுப் பிள்ளைகளை அதன்முன் உட்கார வைக்கவேண்டும் என்று கல்வித் திணைக்களத்துச் சுற்றுநிருபம் சொன்னது.

எல்லாம் சரி. தோட்டத்துக்கென்று ஒரு தனி நேரம் உண்டு என்பதைத்தான் கொழும்பில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆட்களை இருட்டோடு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிறுத்துவதற்காக எந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொரையோ ஃபெக்டரிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிட்டுப் போனான். லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் அதன்படியே நடந்தன. சேவல்கூட அதைக் கேட்டுத்தான் கூவியது.

ஆகவே பள்ளிக்கூடத்தில் பதினொரு மணி அடிக்கும்போது கொழும்பில் மணி பத்து. பெட்டியைத் திருப்பினால் மீனவர்களுக்கான காலநிலை அறிக்கை. கொழும்பில் பதினொரு மணியாகிப் பாடம் தொடங்கும்போது தோட்டத்தில் ஃபெக்டரியின் பன்னிரண்டுமணிச் சங்கு ஊதிவிடும். சங்கு ஊதினால் வகுப்பு காலி.

முதல் வாரம் மாஸ்டர் பிள்ளைகளை மறித்துத்தான் பார்த்தார். கொழுந்துக் கூடையோடு ஜெயலெட்சுமியின் அம்மா நல்லம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க வாத்தியாரே, இந்தப் பொட்டி வந்து எங்க வீட்டுல அடுப்பு மூட்டுமா? ஜெயலெட்சுமி போயி புள்ள மடுவத்துல இருந்து தம்பியத் தூக்கிட்டு வந்தாத்தான் நான் பால் குடுத்துட்டுத் திரும்ப மல ஏற முடியும். ஒரு நிமிசம் பிந்தினா கங்காணி அரைப்பேரு போட்டு அரைநாள் சம்பளத்த வெட்டிருவாரு."

மாஸ்டர் பிள்ளைகளை விட்டுவிட்டார். இப்போதைய தொரையின் பங்களாவுக்கு மூன்று தடவை ஏறி இறங்கினார். சங்கைப் பிந்தி ஊதினால் கொழுந்து கெட்டுவிடுமாம். கொழும்புக்கு எழுதினார். மாணவர்களை ஒலிபரப்பு நேரத்தில் ஆஜராகுமாறு அறிவுறுத்தவும் என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அதற்குமேல் ஒரே வழிதான் இருந்தது. தோட்டத்துப் பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பெட்டியின்முன் உட்கார்ந்து கடலைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். பன்னிரண்டுக்கு மாஸ்டர் தனியாக உட்கார்ந்து பாடத்தை ஒரு கொப்பியில் எழுதுவார். மறுநாள் காலை அதைக் கரும்பலகையில் நடத்துவார். பெட்டிக்கு அந்த ஐம்பத்தைந்து வயது மாணவர் ஒருவர்தான்.

புதன்கிழமை அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். தோட்டத்துச் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது; அவருக்கு எதிரே, ஆற்று வெள்ளம்போலப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெட்டரியோடு வந்த ஸஹாப்தீனை அந்த வெள்ளம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது.

உள்ளே ஆளில்லாத பலகை வாங்குகள். ஸஹாப்தீன் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். மாஸ்டர் பெட்டியைத் திருப்பினார்.

"பிள்ளைகளே, எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டீர்களா?" என்றது பெட்டி, பாசத்தோடு.

"பிள்ளைகள் எங்க மாஸ்டர்?" என்றார் அதிகாரி.

"கேட்டு முடிச்சிட்டுப் போயிட்டாங்க சார்."

"பாடம் இப்பதானே தொடங்குது!"

மாஸ்டர் கடிகாரத்தை விளக்கினார், சங்கை விளக்கினார், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தை விளக்கினார். அதிகாரி ஆளனுப்பி, லயத்திலிருந்து ஜெயலெட்சுமியை அழைப்பித்தார். இடுப்பில் தம்பியோடு வந்து நின்றாள்.

"இந்தப் பெட்டியில என்ன படிச்சாய் மகள்?"

அவள் நிமிர்ந்து நின்று ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்: "தென்மேற்குக் கடற்பரப்பில் காற்று மணிக்கு முப்பது மைல் வேகத்தில் வீசும். அலைகள் உயரும். மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்லவேண்டாம்."

"கடலக் கண்டிருக்கியா?"

"இல்லீங்க சார். போக வேணாம்னுதானே சொல்றாங்க."

மாஸ்டர் கொப்பியை நீட்டினார். "கணக்கக் கேளுங்க சார். பின்னத்தக் கேளுங்க. பொட்டி சொன்ன அத்தனையும் நான் படிச்சிக் குடுத்திருக்கேன்."

அதிகாரி இரண்டு கணக்குக் கேட்டார். தம்பியை இடுப்பு மாற்றிக்கொண்டே இரண்டையும் சரியாகச் சொன்னாள். மாஸ்டரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நல்லாத்தான் நடத்தியிருக்கீங்க மாஸ்டர்," என்றார் அதிகாரி. "அப்ப நீங்களே போதுமே, பெட்டி எதுக்கு?"

பாட நேரத்தில் பெட்டியின்முன் இருந்த மாணவர் தொகை என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் பூச்சியம் போட்டார். கடிகாரத்தைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பசுமாட்டுக் கனப் பெட்டியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏரியலை அவிழ்க்க நேரமில்லை. அது அப்படியே நின்றது. மறுநாள் காலை நல்லம்மா அதில் துணி காயப்போட்டாள்.

சனிக்கிழமை, கடையில் பஸ்ஸுக்கு நின்ற மர்ஸூக் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி இழுத்தான்: "மாஸ்டர், இன்டைக்கும் கொழும்ப முந்திட்டீங்களா?"

மாஸ்டர் தேங்காய் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டார். 

ஸஹாப்தீன், தலையில் ஏற்றப்போகிறவர்போலத் தராசைக் கொக்கியிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"வாய மூடு மர்ஸூக். நான் என்ட கண்ணால கண்ட. எல்லாரும் உக்காந்துட்டீங்களாண்டு பொட்டி கேக்கக்குள்ள, புள்ளைகள் படிச்சி முடிச்சி வீட்டுல. அங்க உக்காந்திருந்தது நான் ஒரு ஆள்தான்."