அரைக்குடம் தண்ணீர்

ஆறு பித்தளைக் குடங்களை வாடகைக்குக் கொண்டுபோய் இறக்கியபோதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன். புதுக்கோட்டைப் பொருட்காட்சிக் கொட்டகை மேடையில், முன்பக்கச் சுவர் இல்லாமல் நின்றது. மூன்று சுவர் எழுப்பியதும் கையிருப்பு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதம்.

அப்பாவுக்குக் கீழராஜ வீதியில் பாத்திரக்கடை. எனக்குப் பாதி நாள் கடை, மீதி நாள் நாடகப் படிப்பு. இரண்டு வருஷத்தில் ராஜபார்ட் பாட்டு அறுபது பாடமாகியிருந்தது. எங்கள் நாடகத்தில் அரண்மனை, காடு, தெரு எல்லாம் படுதாவில் எழுதித் தொங்கும். நடிகன் வந்ததும் சபைக்கு வந்தனம் சொல்வான். தான் இன்னான் என்று பாடுவான். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பான். கதையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே, சென்னையிலிருந்து வந்திருந்த குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. பட்டணத்தில் ஒரே வீட்டில் ஏழு குடித்தனம், முற்றத்தில் ஒரு குழாய். அதில் நிஜமாகவே தண்ணீர் வந்தது! வரிசையில் கடைசியாக ஒரு பெண் நின்றாள். குழாய் சொட்டுச் சொட்டாக இளைத்து நின்றது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்தாள். பாடவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். என் அறுபது பாட்டும் வாயைப் பொத்திக்கொண்டன. இந்த ஆட்களோடு போய்விட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

என் அதிர்ஷ்டம், வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் அவர்களில் ஒரு நடிகர் விராலிமலையிலேயே படுத்துவிட்டார். மானேஜர் ரெங்கராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, குடத்தோட வரிசையில நிக்கணும். உன் குடம் நிறைஞ்சதும் தூக்கிட்டு உள்ள போயிடணும். உனக்கு அப்புறம் தண்ணி நின்னுடும். இதான் பார்ட்டு."

"ஜோரா நிப்பேண்ணே. உள்ள வாரப்ப ஒரு பாட்டு?"

"பாட்டா!"

"சரி, பாட்டு வேணாம். நாலு வரி வசனம் குடுங்க."

"ஒரு வரியும் கிடையாது."

"ஒங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ரெண்டு வரி."

"யோவ், குழாயடிக்கு எவன்யா வசனம் பேசிக்கிட்டு வருவான்?"

"ஒரு இருமலாச்சும் தாங்கண்ணே."

குழாயைப் பார்த்த அந்தப் பெண், சொர்ணவல்லி என்று பெயர், சிரித்துவிட்டாள். "குடுத்துடுங்க சார். இல்லேன்னா நம்ம குழாயையே விலை பேசிடுவார் போலிருக்கு."

ஒரு இருமலில் பேரம் படிந்தது. "ஒழுங்கா செஞ்சா தஞ்சாவூருக்கு எங்களோட வா. சபைக்குக் கும்பிடு போட்டியோ, இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றார் மானேஜர்.

சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம். எப்போது பாடுவார்கள் என்று முதலில் சலசலத்த கூட்டம், பத்து நிமிஷத்தில் அடங்கியது. கடலை விற்கிறவன்கூட கூடையை இறக்கி வைத்துவிட்டான். என் முறை வந்தது. உள்ளே கால் வைத்ததும் கைகள் தாமாகக் கும்பிட எழுந்தன; நல்லவேளை, குடம் தடுத்தது. இருமினேன். நின்றேன். குடம் நிறைந்தது. தண்ணீர் நின்றது.

திரும்பினேன். சொர்ணவல்லியின் காலிக் குடம். கதைப்படி அவள் பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பிள்ளை என்பது துணி சுற்றிய தலையணை. மத்தியானம் அதை எடுத்துக் கொடுத்தவனே நான்தான். இருந்தும் அவள் குழாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தபோது எல்லாம் மறந்து போயிற்று. என் குடத்தைச் சாய்த்துப் பாதித் தண்ணீரை அவள் குடத்தில் ஊற்றிவிட்டேன்.

பக்கத் திரைக்குள் மானேஜர் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. அடுத்த காட்சியில் அவள் வீட்டுக்காரியிடம் தண்ணீருக்குக் கெஞ்சி அவமானப்பட வேண்டும். மிச்ச நாடகத்தை என் அரைக்குடம் விழுங்கிவிட்டது. தஞ்சாவூர் போயிற்று.

அவள் குடத்துக்குள் பார்த்தாள்.

"ஊருக்குப் புதுசா?"

தலையாட்டினேன். மேடைமேல் இருந்த அந்த ஊருக்கு நான் புதுசுதான்.

"இன்னைக்கு ஊத்துவீங்க. ஒரு மாசம் போனா நீங்களும் கதவைச் சாத்திக்குவீங்க. பழக்கிவிடாதீங்க."

ஒரு சொட்டு சிந்தாமல் அத்தனையையும் என் குடத்தில் திருப்பி ஊற்றினாள். தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் கத்தினாள்: "வாங்கிக்கடி ஆத்தா! பிள்ளை காயுதுடி!" யாரும் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து குடம் தூக்குகிறவன் நான். அந்தக் குடத்தை மட்டும் தூக்க முடியவில்லை. அரை நிமிஷத்தில் ஒரு பட்டணத்தையே என் முன்னால் கட்டி எழுப்பிவிட்டாளே!

நாடகம் முடிந்ததும் மானேஜர் என் சட்டையைப் பிடித்தார். "கெடுத்தியே! இனிமே அதை எடுக்கவும் முடியாது. நாளையிலேருந்து அப்படியே இருக்கட்டும்."

"அப்ப நான் வரலாமாண்ணே?"

"படுத்தவர் காலையில வந்துடுவார். பார்ட்டு அவரோடது."

"நான் உண்டாக்கினதுண்ணே!"

"நீ ஊத்துனே. உண்டாக்கினது அவ."

முதல் விலைக்கு நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. இதை மட்டும் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னது உண்மை. குடங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"சார், சுவருக்குப் பின்னாடி குழாய்க்குத் தண்ணி விடுற டிரம்மைப் பார்க்க ஆள் இல்லாம தினமும் அல்லாடுறோமே" என்றாள் சொர்ணவல்லி, முகப்பவுடரைத் துடைத்தபடி. "இவர் கையில தண்ணி இருந்தாத்தானே வம்பு? தண்ணிய நிறுத்துற வேலையக் குடுங்க."

குடங்களோடு நானும் வாடகைக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் முதல் நாள். சுவருக்குப் பின்னால் வால்வில் கை வைத்து, குழாய் பதித்த ஓட்டையில் கண் வைத்து நின்றேன். விராலிமலையில் படுத்த நடிகர் குடம் நிறைத்தார், வால்வை மூடினேன். அவர் ஊற்றினார், அவள் திருப்பி ஊற்றினாள். பிறகு வெறுங்குடத்தோடு குழாய்ப் பக்கம் திரும்பினாள். சபைக்கு அவள் முதுகுதான் தெரியும். எங்கள் நாடகத்தில் சபைக்கு முதுகைக் காட்டினால் செருப்பு பறக்கும். திரும்பிய முகத்துக்கும் அத்தோடு நடிப்பிலிருந்து ஓய்வு. இவள் முகமோ என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில், ஒருவரும் பார்க்காத இடத்தில், நடுங்கிக்கொண்டிருந்தது. கண் நிறைய நீர். குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துக் காத்திருந்தாள்.

திறந்துவிடு என்று என் கை துடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.