ஞாயிற்றுக்கிழமையின் கோடு

...மைக்தான் கோளாறு, வேறென்ன, குக்கர் விசில் மூன்றும் கோட்டில் ஊசி ஊசியாக ஏறியிருக்கின்றன, பால்காரர் மணிகூடப் பதிவாகியிருக்கிறது, அவள் பேசியது மட்டும் இல்லையென்றால் பேச்சுச் சத்தத்தை இந்தச் சனியன் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம். கிருஷ்ணன்கோவில் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஜெயசித்ரா தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையை முறைத்தாள். ராஜபாளையத்து வீட்டில் நேற்று பகல் முழுக்க ஓடவிட்டுச் சோதித்த பெட்டி... பழைய டிபன் டப்பாவுக்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சின்ன மைக், மெமரி கார்டு, அவ்வளவுதான், முதலாண்டுப் பிள்ளைகள் ஒலியை அளந்து படிக்க இது போதாதா, மேசைக்கு ஒன்று நாமே செய்துவிடலாமே என்று துறைத்தலைவரிடம் எத்தனை நாள் மல்லுக்கட்டியிருப்பாள். திங்கட்கிழமை காட்டுங்க, சரியா வரலைன்னா கம்பெனிக்கே ஆர்டர் போட்டுருவோம் என்றார். இன்று திங்கள். சேத்தூர் பஸ் வந்து பிள்ளைகள் இறங்குவதற்குள் மைக்கை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பும் போயிற்று.

புது மைக்கைப் பற்றவைக்கச் சால்டரிங் அயர்னைச் சூடேறப் போட்டாள். பெட்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்தபடியே விட்டிருந்தாள், திரையில் கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது, ஆய்வகத்திலும் சத்தமில்லை, காலையிலிருந்து யாரிடம் பேசினோம், கண்டக்டரிடம்கூடச் சில்லறையை நீட்டியதோடு சரி... ராணுவத்தில், எல்லையில் இருக்கிற கணவர் முத்துப்பாண்டி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார், நேற்று என்ன சண்டை, லீவு தள்ளிப்போச்சு என்று அவர் சொன்னதும் இவளுக்கு வந்த கோபம், வாரேன் வாரேன்னு இன்னும் எம்புட்டு நாளைக்குச் சொல்லுவீய என்று கேட்டது, அவர் சமாதானம் சொன்னது, பக்கத்து வீட்டுப் பாலம்மாள் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டதைச் சொல்லி இவள் புலம்பியது, சாயங்காலம்வரை ஓயாத பேச்சு, அதில் ஒரு சொல்லாவது பதிவாகியிருக்க வேண்டாமா?

“மேடம், டீ வாங்கியாரவா?”

வாசலில் அட்டெண்டர் சமுத்திரம். எப்போதும் தொண்டைக்குள்ளேயே பேசுகிற மனிதர். திரையில் கோடு எழும்பி இறங்கியது. ஜெயசித்ரா தலையை மட்டும் ஆட்டினாள், அவர் போய்விட்டார். மைக்குக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் நேற்று... அவள் செல்போனை எடுத்துப் பார்த்தாள். கோபம், சமாதானம், புலம்பல் எல்லாம் அங்கே வரிவரியாக இருந்தன, அத்தனையும் கட்டைவிரலால் தட்டியவை. பாலம்மாளும் இல்லாத வீட்டில் பகல் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. பேசியதாகவே நினைத்துக்கொண்டிருந்தாளே, அதை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு முத்துப்பாண்டியின் எண்ணை அழுத்தினாள்.

“என்ன சித்ரா, எதும் பிரச்சினையா?” அவர் குரல் பதறியது.

“ஒண்ணுமில்லங்க... சும்மாதான்.”

“பொறவு எதுக்குப் போன்? மெசேஜ் போட்டிருக்கலாம்லா?”

திரையில் அவளுடைய ‘சும்மாதான்’ சின்ன மேடாக நின்றது. பெட்டி சரியா இருக்குங்க, இனி கம்பெனிக்கு ஆர்டர் போக வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், சந்தோஷப்படுவார், சரியா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்ச என்றும் கேட்பார், கேட்டால் என்ன சொல்வது...