காகத்துக்கு வாங்கின தோட்டா

என் புருசன் பரமலிங்கத்தாரை நல்ல மனிதர் என்று நீர்வேலி இன்றைக்கும் சொல்லும். சொல்லட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அவரோடு இருந்து சோறு சமைத்துப் போட்டவள் நான். அவர் எவ்வளவு நல்லவர் என்று என்னைக் கேளுங்கள்.

அவர் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போகும்போது தன்னுடைய பொயின்ற் ரூ ரூ றைபிளை, குருவி சுடுகிற சின்னத் துவக்கை, இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். லைசன்ஸ் துரையின் பேரில், துவக்கு இவருடைய கட்டிலுக்குக் கீழே. பென்சன் எடுத்து ஊருக்கு வந்தபோது பாயில் சுற்றி அதையும் கொண்டுவந்தார். என்னைக் கலியாணம் செய்து கூட்டி வந்தபோதுகூட அவ்வளவு பத்திரம் பார்க்கவில்லை.

வாழைக்குப் பேர்போன ஊரில் இவர் முந்திரிகைக் கொடி நட்டார். முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையை. பந்தல் போட்டு, உரம் போட்டு, மருந்தடித்து, குலை கறுக்கத் தொடங்கியதும் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். காகம், கிளி, அணில். தின்பது கால்வாசி, கொத்திக் கிழிப்பது முக்கால்வாசி. கொத்துப்பட்ட குலையைக் கொழும்பில் ஒரு வியாபாரியும் தொடமாட்டான். ஆகையால் கட்டிலுக்குக் கீழே கிடந்தது வெளியே வந்தது.

பழத்தை லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோனவன் என் தம்பி செல்வநாயகம். அடுத்த காணிதான் அவனுக்கு. அம்மா செத்தபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. நான்தான் தூக்கி வளர்த்தேன். எனக்கு வேறு பிள்ளையும் இல்லை.

அது எண்பத்து நாலாம் ஆண்டு. வழி நெடுக ஆமி லொறியை மறிக்கும். வெயிலில் நிறுத்தி ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டிப் பார்த்தால் பழம் கொழும்பு போகுமுன் சாறாகிவிடும். அதனால் தம்பி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நாலு பகிடி விட்டு, ஒரு பெட்டி பழத்தை அவங்களுக்குக் கொடுத்து, சிரித்துக்கொண்டு வந்துவிடுவான். அந்தச் சிரிப்பைக் கண்டுவிட்டு வந்து ஊரில் சொன்ன அறுவான் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "செல்வநாயகம் ஆமியோடை நல்ல ஒட்டாம்" என்றது முதல் கதை. ஒழுங்கை திரும்புவதற்குள் அது "ஆமிக்கு ஆள் காட்டுறானாம்" என்று வளர்ந்துவிட்டது.

பெடியள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எந்தப் பெடியள் என்று கேட்காதீர்கள், அப்போது ஊரில் எத்தனையோ இயக்கம். இன்னொரு முறைப்பாடு வந்தால் கதைக்கமாட்டோம் என்று சொல்லி விட்டார்கள். கதைக்கமாட்டார்கள் என்றால் என்ன செய்வார்கள் என்று அவர்கள் ஆட்களைக் கட்டிவைத்துச் சுடுகிற சந்தி லைற்கம்பத்தைக் கேட்டால் சொல்லும். அன்றிலிருந்து லொறிச் சத்தம் கேட்கும்வரை நான் வாசல் படலையிலேயே நிற்பேன்.

இந்த நேரத்தில் இவருக்குத் தோட்டா முடிந்துவிட்டது.

லைசன்ஸ் துவக்குகளையே அரசாங்கம் திருப்பி வாங்கிவிட்ட காலம். கச்சேரி அலுவலகத்தில் தோட்டாவுக்கு அனுமதி என்ற பேச்சே இல்லை. மச்சானும் மச்சானும் பந்தலுக்குக் கீழே நின்று, ஏதோ சம்பந்தம் பேசுகிறவர்கள் மாதிரி, எந்தத் தோட்டா வாங்குவதென்று கதைத்தார்கள். நான் பழம் ஆய்ந்துகொண்டு நின்றேன்.

"அத்தான், உந்த லோங் றைபிள் தோட்டா இனி வேண்டாம். ஒரு வெடி வைச்சால் கோப்பாய் மட்டும் கேக்குது," என்றான் தம்பி.

"உனக்கென்னடா தெரியும்? துரை உதைத்தான் பாவிச்சவர்."

"துரை மலையிலை நிண்டு சுட்டவர். நீங்கள் கொடிக்குக் கீழை நிண்டு சுடுறியள். காகத்துக்குள்ளாலை போய், கொடியையும் அறுத்து, அங்காலை மார்க்கண்டண்ணையின்ரை தண்ணித் தொட்டியையும் அது ஓட்டையாக்கும். சோட் எண்டு ஒண்டு இருக்கு. இதே துவக்கிலை போகும். கட்டைத் தோட்டா, வெடிமருந்து குறைவு. கை தட்டினமாதிரித்தான் சத்தம்."

"அது சின்னப் பிள்ளையளின்ரை தோட்டாவடா. காகம் சிரிக்கும்."

"சிரிச்சுக்கொண்டே விழும் அத்தான். உங்களுக்கு யானையே சுட வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோதாரி! ரெண்டு பேருக்கும் விசரே? ஒருத்தன் தலைக்கு மேலை கத்தி தொங்குது, மற்றவருக்குக் காகத்தோடை சண்டை. வேலியிலை போற ஓணானை மடியிலை கட்டுறியள்," என்றேன்.

தம்பி சிரித்தான். "அக்கா, உங்கடை மனுசன் யுத்தம் செய்யிறார். நானில்லாட்டி ஆர் ஆயுதம் குடுக்கிறது?"

கொழும்பில் லைசன்ஸ் உள்ள ஒரு சிநேகிதன் மூலம் சோட் தோட்டாவே வாங்கினான். திரும்பி வந்த வெறும் பழப்பெட்டியில், வைக்கோலுக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு மறியலிலும் அதே பகிடி விட்டுக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தான். அகப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடித்திருப்பார்கள். ஆமியின் ஆள் என்று ஊர் சொன்னவன் ஆமியின் மூக்குக்குக் கீழால் தோட்டா கொண்டுவந்தான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அன்றைக்கே நான் இவரிடம் சொன்னேன். "இஞ்சருங்கோ, அந்தத் துவக்கைப் பெடியளிட்டைக் குடுத்துவிடுங்கோ. தோட்டாவை ஆர் கொண்டுவந்ததெண்டும் சொல்லுங்கோ. அவனிலை உள்ள பழி அதோடை போயிடும்."

"குடுக்கிறதைப் பற்றி இல்லை," என்றார். "குலையெல்லாம் கறுத்து நிக்குது. இந்தப் போகம் வெட்டட்டும். பிறகு பாப்பம்."

நானே போய்ச் சொல்லுகிறேன் என்றால் தம்பி விடவில்லை. "அது அத்தான்ரை சாமான் அக்கா. அவர் சொல்லுறதுதான் மரியாதை," என்றான். மரியாதை! எங்கள் சனத்துக்கு அந்த ஒன்று இல்லாவிட்டால் பாதிப்பேர் இன்னும் உயிரோடு இருப்பார்கள்.

தம்பி சொன்னது சரிதான். அந்தச் சின்னத் தோட்டாவின் சத்தத்துக்குப் பக்கத்துக் கொப்பில் இருந்த கிளிகூடப் பறக்கவில்லை. துரை, லோங் றைபிள் எல்லாம் இவருக்கு ஒரே நாளில் மறந்துபோய்விட்டது. சோட்தான் தோட்டா, மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று எனக்கே வகுப்பெடுத்தார்.

நான் சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் கிடந்த என் சின்னம்மாவுக்குத் துணையாகப் போயிருந்த நாட்களில் ஒரு கொழுத்த காகத்தைச் சுட்டிருக்கிறார். செத்த காகத்தைத் தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால் மற்றக் காகங்கள் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டு அந்தப் பக்கமே வராது. எங்கள் ஊரில் மிளகாய் காயவைக்கிறவர்கள்கூட அப்படிச் செய்வார்கள். இவரும் தடி நட்டு, சிறகை விரித்து, ஒழுங்கையால் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தெரியும்படி கட்டினார். கெற்றப்போல் கல்லால் விழுந்த காகத்தில் ஓட்டை இருக்காது. சன்னம் சிதறுகிற சொட்கண்ணால் விழுந்தது கந்தலாய்க் கிழிந்திருக்கும். இதில் நெஞ்சு நடுவில் கடலை அளவில் ஒரே ஒரு றைபிள் துளை. ஒழுங்கையால் சைக்கிளில் போன இயக்கப் பெடியன் ஒருவன் இறங்கி நின்று, சிறகை விலக்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

பின்னேரமே வந்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இவர் சாய்மனைக் கதிரையில் இருந்து, பெரிய கண்டத்தில் தப்பியவர் மாதிரி, சந்தோசமாகச் சொன்னார்.

"நல்ல பெடியள். ஐயா எண்டுதான் கதைச்சவங்கள். துவக்கையும் தோட்டாவையும் எடுத்துக் குடுத்திட்டன். சோட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அறிஞ்சாங்கள். சுட்டும் காட்டினனான். அசந்துபோனாங்கள்."

"தோட்டா எங்காலை எண்டு கேக்கேல்லையே?"

"கேட்டவங்கள். துரை தந்த பழைய தோட்டா எண்டு சொல்லிப்போட்டன்."

"தம்பி கொண்டுவந்தவன் எண்டு சொல்லேல்லையோ?"

"விசர்க்கதை கதையாதையும். ஆர் கேட்டாலும் ஒருத்தற்றை பேரையும் சொல்லக்கூடாது. அதுதான் புத்தி."

ஊர் முழுக்க அப்போது படித்து வைத்திருந்த ஒரே பாடம் அது. ஆமி கேட்டாலும் பேர் சொல்லாதே, பெடியள் கேட்டாலும் பேர் சொல்லாதே. படித்த மனிதர், தலைகீழாகப் பாடமாக்கி வைத்திருந்தார். சொன்னால் ஒருவன் பிழைப்பான் என்ற இடத்திலும் அதையே ஒப்புவித்துவிட்டார்.

மறுநாள் காலை தம்பியின் லொறி கொழும்பிலிருந்து வந்தது. வீட்டுக்கு வரவில்லை. ஒழுங்கை முகப்பில் மறித்து அவனை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு முறைப்பாடு வந்திருந்ததாம்.

தலைமயிரைக்கூட முடியாமல் ஓடினேன். வாசிகசாலைக்குப் பின்னால் அவர்கள் இருந்த வீட்டில் பொறுப்பானவன் எழுந்து நின்று எனக்குக் கதிரை தந்தான். என் தம்பியைவிட இளமை. நான் தோட்டாக் கதையை முழுக்கச் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான்.

"அம்மா, ஐயா வேறைமாதிரி எல்லோ சொன்னவர்? துரை குடுத்ததெண்டு."

"அவர் பயத்திலை பொய் சொன்னவர் ராசா."

"உங்கடை தம்பி. நீங்கள் இப்பிடிச் சொல்லுவியள்தானே. ஐயா வந்து தன்ரை வாயாலை சொல்லட்டும். சொன்னால் விசாரிப்பம். மத்தியானத்துக்குள்ளை வரச்சொல்லுங்கோ."

நான் வந்த வேகத்துக்குச் செருப்பு எங்கே விழுந்ததென்று தெரியாது. இவர் பந்தலுக்குக் கீழே நின்று கொடியை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கயிறு கையிலிருந்து விழுந்தது.

"நேற்று ஒண்டு சொல்லி இண்டைக்கு ஒண்டு சொன்னால் என்னை என்ன செய்வாங்கள்?"

"ரெண்டு அடி அடிப்பாங்கள். வாங்கிக்கொண்டு வாங்கோ. அவனைக் கொல்லப்போறாங்கள்!"

"வராமல் விடுவனே? வாறன். இப்ப இராகுகாலம். கழியட்டும். நல்ல காரியத்துக்கு இந்த நேரத்திலை படலை தாண்டக்கூடாது."

காலில் விழுந்தேன். கையைப் பிடித்து இழுத்தேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லிப் பேசினேன். கிணற்றடிக்குப் போனார். குளித்தார். ஆறுதலாகத் திருநீறு பூசினார். வெளுத்த வேட்டி உடுத்தார். சால்வையைத் தேடினார். சால்வை உடுப்புக் கொடியில் எதிரேதான் தொங்கியது. அவர் போக நினைக்கவே இல்லை. நேரம்தான் அவருக்காகப் போய்முடிய வேண்டும் என்று நினைத்தார். எனக்கு அது விளங்கினதும் அவரை விட்டுவிட்டுத் தனியே திரும்பி ஓடினேன்.

வாசிகசாலை வீட்டில் ஒருவரும் இல்லை. சந்தியில் சனம் விலகி விலகி நின்றது.

வெடிச்சத்தம் கேட்டிருந்தாலாவது அந்தப் பக்கம் முதலில் ஓடியிருப்பேன். ஆமி ரோந்து வருகிற றோட்டு, சத்தம் வரக்கூடாதென்று பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவருக்கே கேட்கவில்லையாம். யாரோ கை தட்டினது மாதிரி இருந்ததாம், வாடிக்கைக்காரன் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தாராம். அவனோடு சேர்த்துக் கம்பத்தில் கட்டியிருந்த காட்போட் மட்டையில் என்ன எழுதியிருந்ததென்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சொல் என் தம்பிக்கு உரியதல்ல.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சப்பேர். அவர்களும் படலைக்குப் பக்கத்தில் நின்றார்கள். இவர் மட்டும் மச்சான் முறையில் தலைமாட்டில் குந்தியிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்க, காதுக்குப் பின்னால் கட்டியிருந்த துணியை மெல்ல விலக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மார்க்கண்டண்ணைக்கு, ஆறுதல் சொல்லுகிற குரலில் சொன்னார்.

"சோட் தான். லோங் எண்டால் மற்றப் பக்கத்தாலை வந்திருக்கும், முகமும் சிதைஞ்சிருக்கும். இது வேதனை தெரிஞ்சிராது."

மார்க்கண்டண்ணை தலையை ஆட்டினார். அவரும் நல்ல மனிதர்தான்.

நான் எழும்பினேன். "சொல்லுங்கோ! அந்தத் தோட்டாவை ஆர் கொண்டுவந்ததெண்டு இப்பவாவது இந்தச் சனத்துக்குச் சொல்லுங்கோ! இனி ஆருக்குப் பயம்?"

"மெல்லக் கதையும்," என்றார். "அவங்கடை ஆக்களும் நிக்கினம்."

நான் மெல்லக் கதைக்கவில்லை. பழப்பெட்டியும் வைக்கோலும் மறியலும் பகிடியும், எல்லாவற்றையும் அடித்தொண்டையால் கத்திச் சொன்னேன். என் பிள்ளை துரோகி இல்லை என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னேன். சனம் நிலத்தைப் பார்த்தது. "சகோதரம், வேறை என்னத்தைச் சொல்லும்," என்று ஒரு பெண் மற்றவளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. ஒரே ஒருவர் ஓம் என்று சொன்னால் போதும். நான் அவரைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிரியை செய்ய வந்த ஐயாவின் பக்கம் திரும்பி, "நேரம் போகுது, தொடங்குங்கோ," என்றார்.