சிவப்புக் காரின் சூட்டு விளக்கு

சரவணமுத்துவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என் பட்டறைக்குள் வந்து நின்றபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. திருச்செங்கோட்டில் அந்தப் பழைய வண்டியை வேறு யாரும் தொட மாட்டார்கள், அதனால்தான் வந்தான். கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு, கிரீஸ் கைக்காரி எங்கள் வீட்டுக்கு ஆக மாட்டாள் என்று என்னை வேண்டாமென்றவன் இவன். அதன் பிறகு என் அப்பா ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், இவன் தலை குனிந்தால் போதும்.

மேடு ஏறினால் இன்ஜின் சூட்டு விளக்கு எரிகிறது என்றான். எடப்பாடியில் இப்போது பேசி முடித்திருக்கும் பெண்ணின் அப்பா செங்கோட்டையனை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறானாம். விளக்கை மட்டும் அணைத்துக் கொடுத்தால் போதுமாம்.

விளக்கு பொய் சொல்கிறதா என்று முதலில் பார்த்தேன். சென்சார் சரியாக இருந்தது, விசிறியும் சுற்றியது. ரேடியேட்டரின் மேல் குழாய் கொதித்தது, கீழ்க் குழாய் வெறும் வெதுவெதுப்பு. ஆறவிட்டு மூடியைத் திறந்தால் டீக்கடை பாய்லர் மாதிரி உள்ளே வெள்ளையாக உப்பு. சூட்டைத் தணிக்கும் கூலண்ட் ஒரு சொட்டு இல்லை. போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் முதலாளி அல்லவா, தன் தோட்டத்தில் தானே போட்ட போரின் தண்ணீரையே இதிலும் ஊற்றி வந்திருக்கிறான்.

விளக்கின் வயரை வெட்டி அனுப்பியிருக்கலாம். அப்புறம் பழி என் மேல் விழும். உண்மையே போதும் என்று தோன்றியது.

"உங்க போர் தண்ணிதாங்க ரேடியேட்டரை அடைச்சிருச்சு. இப்படியே ஓட்டுனா இன்ஜின் போயிரும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான். அவனுடைய தண்ணீரைக் குறை சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"எங்க தண்ணிய ஊரே குடிக்குது. நீ பழசை மனசுல வெச்சுட்டுப் பேசற."

"ஆமாங்க. வெச்சுட்டுத்தான் பேசறேன்."

அதைக் கேட்ட பிறகு நம்ப மாட்டான் என்று தெரிந்தேதான் சொன்னேன். விளக்கு எரிய எரிய ஓட்டிக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை. மத்தியானம் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அவனிடமிருந்து போன் வந்தது. கொங்கணாபுரம் தாண்டி வண்டி புகைந்து நின்றுவிட்டதாம், இன்ஜின் இறுகிவிட்டதாம். காலையில்தான் மெக்கானிக் பார்த்து ஒன்றுமில்லை என்றதாக மாமனாரிடம் அளந்து வைத்திருக்கிறான். "சென்சார் கோளாறுன்னு மட்டும் சொல்லு கோகிலா" என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சிவிட்டு, போனை அவரிடம் கொடுத்தான்.

செங்கோட்டையன் நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, நான் புள்ளையக் குடுக்கற எடம். வண்டிக்கு நெசமா என்னாச்சுங்க?"

"காலையிலயே ஓட்டாதீங்கன்னு சொன்னனுங்க. வெளக்கு எரியறதைப் பாத்துட்டேதான் வந்திருக்காரு. பொம்பள சொல்லிக் கேக்கற பழக்கம் அவருக்கு இல்லீங்க. நாளைக்கு உங்க புள்ள சொன்னாலும் கேக்க மாட்டாருங்க."

அவர், நல்லதுங்க அம்மிணி என்றார். போனை வைக்காமலே அங்கே யாரிடமோ கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, எடப்பாடிக்குத் திரும்பிப் போற பஸ்ஸு இங்க நிக்குங்களா?"