உள்ளுக்கு வாங்கோ

லண்டன் பிளேஸ்டோவில் வோட் கேட்டுப் போன றொனால்டுக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. கதவைத் திறந்தார்கள், சிரித்தார்கள், "ஓம் தம்பி, எங்கட வோட் உங்களுக்குத்தான்" என்றார்கள். பிறகு கதவைச் சாத்தினார்கள். பாதித் தெரு முடிந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. ஒருவர்கூட உள்ளே கூப்பிடவில்லை.

வாசலுக்கு வந்த தமிழனைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற சனமா இது? வியாழக்கிழமை கவுன்சில் தேர்தல்.

"உள்ளுக்கு வாங்கோ" என்ற சொல்லின் அருமை அவனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கவுன்சிலர் ஆசை பிடிக்குமுன் அவன் பெய்லிஃப். கடன் கட்டாத வீடுகளில் சாமான்களைப் பறிமுதல் செய்கிற வேலை. முதல்தரம் கதவை உடைக்கச் சட்டம் விடாது, வீட்டுக்காரரே உள்ளே விட வேண்டும். வெள்ளைக்காரப் பெய்லிஃப்கள் வாசலில் நின்று காய்ந்துவிட்டுத் திரும்புவார்கள். றொனால்ட், "அக்கா, நான் மன்னார்ப் பெடியன்தான்" என்பான். கதவு திறந்துவிடும். தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்து, டிவியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பறிமுதல் பட்டியலில் எழுதுவான். அப்படியொரு நெஞ்சழுத்தம். கட்சிக்காரரிடம் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தேர்தல் நோட்டீஸில் 'வீடிழந்தோருக்குத் தோள் கொடுத்தவர்' என்று கூசாமல் அச்சடித்திருந்தான்.

கடைசி வீட்டுக் கதவைத் திறந்தவள் டொலறஸ். எங்கேயோ பார்த்த முகம்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி," என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான். அங்கே ஏற்கெனவே நிறையச் சப்பாத்துகள் கிடந்தன.

"பூசை முடிஞ்சு கொஞ்சப்பேர் வந்திருக்கினம்," என்றபடி அவள் அவனுக்குப் பின்னால் கதவைப் பூட்டினாள்.

முன்னறையில் சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நிலத்தில் இருந்தார்கள். யாரும் எழும்பவில்லை, யாரும் சிரிக்கவில்லை. முகங்கள் ஒவ்வொன்றாக அவனுக்கு நினைவுக்கு வந்தன. எல்லாம் அவன் தேத்தண்ணி குடித்த வீடுகள். நடுவில் ஒரேயொரு கதிரை. அதில் ஞானேஸ்வரன் இருந்தார், அவனைத் தேர்தலில் நிறுத்திய கட்சிச் செயலாளர். மடியில் அந்த நோட்டீஸ்.

"றொனால்ட், இவை சொல்லுறது உண்மையே?"

கதவுப் பக்கம் திரும்பினான். டொலறஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு வழியில் நின்றாள்.

"அவசரப்படாதேங்கோ தம்பி," என்றாள். "அண்டைக்கும் முழுக்கக் குடிச்சிட்டுத்தானே எழுதத் தொடங்கினீங்கள்."