பாதி விலைக்குக் கண்ணீர்

கதைகளை வாசித்துப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. புத்தகத்தைக் கையில் எடுக்க நேரமில்லாதவர்கள் பேருந்திலும் அடுப்படியிலும் காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்கிறார்களே, அந்தக் குரல்களில் ஒன்று அவளுடையது. வீட்டில் அவளுக்குக் குரல்காரி என்றே பெயர். படுக்கையறையை ஒட்டித் துணிமணி வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. அதன் சுவர்களில் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் லேப்டாப், பக்கத்தில் மைக். கதவைச் சாத்திவிட்டால் தெருவில் லாரி போனாலும் உள்ளே கேட்காது. வியர்வை மட்டும் ஊற்றும்.

அன்று காலை பதிப்பகத்தின் ஒலிப்பதிவு ஆசிரியர் கூப்பிட்டார். எப்போதும் உர்ரென்று பேசுகிற மனிதர். அன்று அவர் குரலில் பொத்திவைத்த சிரிப்பு ஒன்று நெளிந்தது.

"மேடம், கடைசி அத்தியாயத்துக்கு முந்தினது அனுப்பினீங்களே, ஒரு தடவை போட்டுக் கேட்டுட்டுத்தானே அனுப்பினீங்க?"

கேட்கவில்லை. எப்போதும் முழுவதையும் கேட்டுத்தான் அனுப்புவாள். அதை மட்டும் அவசரத்தில் அப்படியே தள்ளிவிட்டிருந்தாள்.

"ஏன் சார், ஏதாவது சத்தம் விழுந்திருக்கா?"

"சத்தமெல்லாம் இல்ல. நீங்களே கேளுங்க."

அவர் போனிலேயே அதை ஓடவிட்டார். கணவனைப் பறிகொடுத்த கதாநாயகி தனியாக வீட்டுக்குத் திரும்புகிற இடம். அவளுடைய சொந்தக் குரல், தழுதழுத்து, ஒலித்தது: "அவள் ஜன்னலைத் திறந்தாள். மழை நின்றிருந்தது. அவன் இனி வரமாட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து... இன்றே அழைத்தால் பாதி விலை."

அந்தப் பாதி விலையையும் அதே துக்கத்தோடுதான் சொல்லியிருந்தாள். குரல் கடைசியில் உடைந்தேவிட்டது.

"சார், இதை நான் படிக்கவே இல்ல!"

"எழுத்தாளரும் எழுதலையாம் மேடம். அவர்கிட்ட கேட்டுட்டேன்."

எழுத்தாளர் வரைக்கும் போய்விட்டதா!

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் மனைவியின் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கடையிலிருந்து எழுத்துப் பலகையை எடுத்துவந்து ஹாலில் மாட்டினார். அவள் அடிவரிசைப் பொடி எழுத்து வரைக்கும் மடமடவென்று படித்துக் காட்டினாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அதைத்தான் நானும் சொல்றேன். திரையில இருந்ததைத்தான் படிச்சிருக்கேன்."

வாசிப்பு வேலை அப்படிப்பட்டது. வாய் ஒரு வரியில் இருக்கும்போதே கண் அடுத்த வரிக்கு ஓடியிருக்கும். சொல்லின் பொருள் மண்டையில் ஏறுவதற்குள் சொல் வாயைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே அந்த வரி திரையில் எங்கேயோ வந்திருக்கத்தான் வேண்டும். அவள் அறைக்குள் போய் அதே பக்கத்தைத் திறந்து, கொக்கு மீனுக்குக் காத்திருப்பதுபோல வாய் திறக்காமல் காத்திருந்தாள்.

சற்று நேரத்தில் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் சத்தமில்லாமல் எழும்பி, பத்தியின் கடைசி வரிமேல் அம்சமாக உட்கார்ந்தது. 'தொப்பை கரைய மூன்றே வாரம்!'

"மாட்டினே!" என்று அவள் போட்ட கூச்சலில் கணவரும் மாமனாரும் ஓடிவந்தார்கள்.

மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் அவள் சமையலை முடிக்கிற வரைக்கும் அதே லேப்டாப்பில் செஸ் ஆடுவார். கட்டத்தைப் பார்த்ததும் தெரிந்த ஆளைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தார்.

"இதாம்மா? இது தினமும் வருமே. வேண்டாம்னு மூடிட்டு நான் பாட்டுக்கு ஆடுவேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா!"

"உன் கம்ப்யூட்டராச்சே. தொப்பையைக் குறைக்கணும்னு நீ ஏதோ தேடுறே போலிருக்கு, அதை நாம போய்க் கேக்குறது மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் போர்வைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். குரல்காரிக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எதைத் தேடினாலும் முன்பின் பார்த்திராத வேறொரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. ஒன்றைத் திறந்தால் கூடவே இரண்டு தானாகத் திறக்கின்றன. சும்மா கிடக்கிற லேப்டாப்பின் விசிறி மூச்சிரைக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மிஷினுக்கு வயதாகிவிட்டது என்று அவளே சமாதானம் சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் திரை முழுவதும் சிவந்தது. 'ஆபத்து! உங்கள் கணினியில் ஏகப்பட்ட வைரஸ்! சுத்தம் செய்ய உடனே இங்கே அழுத்துங்கள்!'

கணவரின் விரல் தானாக நீண்டது. பிறகு நடுவழியில் நின்றது. "அக்காவை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

நாத்தனார் ஊரின் மறுகோடியில் நகல் எடுக்கிற கடை நடத்துகிறாள். கணவரைவிட மூத்தவள், கறார் பேர்வழி. கல்யாணமாகி நான்கு வருடமாக அவர்கள் இருவருக்கும் நடுவே 'நல்லா இருக்கியா', 'நல்லா இருக்கேன் அக்கா' என்பதைத் தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குக்கூடப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

கணவர் ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தை முழுதாகச் சொல்வதற்குள் நாத்தனாரின் குரல் அறையை நிறைத்தது.

"முதல்ல கையை எடுடா அதுலேர்ந்து! வைரஸ் இருக்குன்னு சொல்றவனே அவன்தான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. அதுல இருக்குற நம்பருக்கும் போன் பண்ணிடாதீங்க. விளம்பரத்தைத் திணிக்கிற திருட்டு புரோகிராம் இது. பேரு ஆட்வேர்."

"ஆட்டுவேரா?" என்றார் மாமனார். "அது எந்த மூலிகை?"

"அப்பா, நீங்க சும்மா இருங்க. நாளைக்குக் கடை லீவு. நானே வரேன்."

மறுநாள் நாத்தனார் வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். பிரவுசரின் செட்டிங்ஸைத் திறந்து, எந்தெந்தத் தளங்களுக்கு மூலையில் கட்டம் எழுப்புகிற நோட்டிஃபிகேஷனை அனுப்ப அனுமதி இருக்கிறது என்று பார்த்தாள். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நீளமாக ஒரு வரிசை வந்தது.

"இத்தனை பேருக்கும் யாரு அனுமதி கொடுத்தது?"

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள்.

"செஸ் ஆடப் போனா, நீங்க ரோபோ இல்லைன்னா அனுமதிங்கிறதை அழுத்துங்கன்னு கேட்டுச்சு," என்றார் அவர். "நான் ரோபோ இல்லையேம்மா. அதான் அழுத்தினேன்."

"கள்ளன் கையில சாவியைக் கொடுத்துட்டு நான் ரோபோ இல்லைங்கிறீங்களே அப்பா!"

நாத்தனார் ஒவ்வொன்றாகத் தடுத்தாள். பிறகு பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற எக்ஸ்டென்ஷன்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்தாள். விலைகளை ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதை வரவழைத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அதையும் தூக்கினாள். தேடல் பக்கம் பழையபடி திரும்பியது. மூலையில் கட்டம் எழும்பவில்லை. நாத்தனார் டீயைக் குடித்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு மணி நேரத்துக்கான அறிவுரையைக் கால் மணி நேரத்தில் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள்.

மாமனார் அன்று முழுவதும் செஸ் பக்கம் போகவில்லை. பேப்பரை மடியில் விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குரல்காரி லேப்டாப்பைத் திறந்தாள். அதே அந்நியத் தேடல் பக்கம். எக்ஸ்டென்ஷன் இருந்த இடத்தில் அது மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கணவர் கடைக்குப் போயிருந்தார். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். நாத்தனாரை அவளாகக் கூப்பிட்டதே இல்லை. அதிலும் 'நீங்கள் செய்தது சரியாகவில்லை' என்று சொல்வதற்காகக் கூப்பிடுவதா? கடைசியில் அழுத்தியேவிட்டாள்.

"அக்கா, நான்தான். அது... திரும்ப வந்துடுச்சு."

அந்தப் பக்கம் இயந்திரம் காகிதம் துப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டு விழப்போகிறது என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அப்போ நான் இலையைக் கிள்ளிட்டு வந்திருக்கேன்," என்றாள் நாத்தனார். "வேர் உள்ளயேதான் இருக்கு. தப்பு என் மேலதான், நேத்தே பாத்திருக்கணும். இரு, கடையைப் பாத்துக்கப் பக்கத்துக்காரர்கிட்ட சொல்லிட்டு வரேன்... ம், இப்போ கேளு. கம்ப்யூட்டர்ல என்னென்ன புரோகிராம் போட்டிருக்குன்னு ஒரு இடத்துல காட்டும். அதைத் திறந்து, போட்ட தேதிப்படி வரிசைப்படுத்து."

அவள் வரிசைப்படுத்தினாள். மேலே இரண்டு பெயர்கள், இரண்டும் ஒரே நாளில் வந்தவை. ஒன்று யாருக்கும் தெரியாத ஏதோ 'ஷாப்பிங் உதவியாளர்'. அதற்கடுத்த பெயர் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒலிக்கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றித் தருகிற கன்வெர்ட்டர்.

பதிப்பகம் ஒருநாள் திடீரென்று வேறு வடிவத்தில் கோப்பு வேண்டும் என்று கேட்டது. தேடியதும் முதலில் வந்த இணைப்பை அழுத்தினாள். பச்சை நிறத்தில் பெரிதாக ஒரு டவுன்லோட் பொத்தான். அதன்பின் சரி, சரி, அடுத்து, அடுத்து, சம்மதம். அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது. அதில் எழுதியிருந்த ஒரு வரியையும் அவள் படிக்கவில்லை. படிப்பதையே பிழைப்பாகக் கொண்டவள்!

"அக்கா," என்றாள் மெல்ல, "வேர் நான் வச்சதுதான்."

நாத்தனார் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, கடைக்கு வந்திருந்தவர்கள் என்னவென்று கேட்கிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டு குரல்காரிக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போன வருஷம் என் கடை மிஷின்லயே இதே கூத்துதான்," என்றாள் நாத்தனார், மூச்சுவாங்க. "ஒருத்தரோட ஜாதகத்தை பிரிண்ட் எடுக்கப் போனா, மேல ஷூ விளம்பரம் வந்து நிக்குது. என் தம்பி... அதான் உன் வீட்டுக்காரன்கிட்ட இதைச் சொல்லிடாதே, மானம் போயிடும். சரி, ரெண்டையும் தூக்கு."

உதவியாளர் லேசில் போகவில்லை. 'உண்மையிலேயே எங்களைப் பிரிய விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. 'இல்லை, இருங்கள்' என்று நடுவில் பெரிய நீலப் பொத்தான். 'நீக்கு' என்பது ஓரத்தில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவுக்கு.

"நிதானமாப் படிச்சு அழுத்து," என்றாள் நாத்தனார். இந்த முறை அவள் படித்தே அழுத்தினாள். கன்வெர்ட்டரையும் நீக்கினாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள், எக்ஸ்டென்ஷனை மறுபடி தூக்கினாள், பிரவுசரை லேப்டாப் வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திருப்பினாள். கடைசியாகக் கம்ப்யூட்டரோடு வந்த பாதுகாப்பு மென்பொருளை ஓடவிட்டு முழுவதையும் அலசச் சொன்னாள். அது முக்கி முனகி, மூலையில் ஒளிந்திருந்த இரண்டு மிச்சம் மீதிகளையும் பிடித்துத் தந்தது. மறுபடி திறந்து பார்த்தாள். எதுவும் திரும்பி வரவில்லை.

நேராக ஹாலுக்குப் போனாள். மாமனார் இன்னும் பேப்பரோடுதான் இருந்தார்.

"மாமா, பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு. உள்ள கொண்டுவந்து விட்டதே நான்தான்."

அவர் பேப்பரை மடித்தார். "அப்போ நான் கொடுத்த அனுமதி?"

"அதுவும் உண்டு. ஆளுக்குப் பாதி."

"பாதின்னா பரவாயில்லம்மா," என்றார் அவர், பெரிய நிம்மதியோடு. "செஸ் ஆடலாமா?"

"ஆடுங்க. எது அனுமதி கேட்டாலும் 'தடு'ன்னு போடுங்க. நீங்க ரோபோன்னே அது நினைச்சுட்டுப் போகட்டும்."

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எழுத்தாளர். அவள் எழுந்து நின்றுகொண்டே பேசினாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க, அந்த வரி..."

"அந்த வரியைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்துல நான் அவளை ரொம்ப நேரமா அழவச்சுக்கிட்டே இருக்கேன்ம்மா. நீங்க பாதி விலைன்னதும் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, கேக்குறவங்களும் அதுக்கு முன்னாடியே கொஞ்சம் சலிச்சுப் போயிருப்பாங்கன்னு தோணுச்சு. புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகல. நாலு வரியை வெட்டிட்டேன். கண்ணீர் அங்க இல்லவே இல்ல. ஜன்னலைத் திறக்கிறா, மழை நின்னிருக்கு, அவ்வளவுதான். புதுசா அனுப்புறேன், படிங்க."

புதிய பக்கம் வந்தது. படித்துப் பார்த்தாள். முன்பைவிட நெஞ்சில் அதிகமாகத்தான் இறங்கியது.

ஆனால் கன்வெர்ட்டர் இல்லாமல் கோப்பை அனுப்ப முடியாது. அடுத்த விடுமுறையில் நாத்தனார் தானாகவே வந்தாள். மூன்று பேரும் லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். தேடலில் முதலில் வந்தவற்றின் ஓரத்தில் 'விளம்பரம்' என்று பொடியாக எழுதியிருப்பதை நாத்தனார் விரலால் காட்டி, அவற்றைத் தாண்டிப் போகச் சொன்னாள். மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கினார்கள். வழக்கமானது, விருப்பப்படி என்று அது இரண்டு வழி காட்டியபோது, விருப்பப்படி என்பதை எடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் குரல்காரி கதாநாயகிக் குரலிலேயே உருக்கமாக வாசித்தாள். ஓரிடத்தில், இன்னொரு மென்பொருளையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள். அந்த டிக்கை எடுக்கிற பொறுப்பை மாமனார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தியாயத்தைப் பதிவு செய்யப் போகும்போது நாத்தனார் வாசலில் தயங்கி நின்றாள்.

"நீ படிக்கிறப்போ நான் உள்ள உக்காரலாமா? மூச்சுக்கூட விடமாட்டேன்."

துணிகளை ஒதுக்கி, கவிழ்த்த வாளி ஒன்றில் அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். குரல்காரி படித்தாள். ஜன்னலைத் திறக்கிற இடம் வந்தது, மழை நின்றிருந்தது, திரையின் மூலையில் ஒன்றும் எழும்பவில்லை. அத்தியாயம் முடிந்து திரும்பிப் பார்த்தால், நாத்தனார் தம்பியின் சட்டை ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் நிஜமாவே வரமாட்டானா?" என்று கேட்டாள்.

"கடைசி அத்தியாயம் இன்னும் இருக்கு அக்கா."

"பேருந்து போனா போகட்டும்," என்றாள் நாத்தனார், வாளியில் வசதியாகச் சாய்ந்தபடி. "படி."