முன் பல்

"வாயைத் திற."

திறந்தாள்.

"இன்னும் பெருசா."

டார்ச் வெளிச்சம் கடைவாய் வரைக்கும் போய்த் துழாவியது. சோப்புக்காரர் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் மகளின் தாடையுமாகக் குனிந்து நின்றார். சோப்புக் கட்டியில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை. வெளியே நல்ல வெயில். தெருப்பக்கத்து ஜன்னல்களில் அவர் என்றைக்கோ பலகை அறைந்துவிட்டதால், பட்டப்பகலில் பெற்ற மகளின் வாயைப் பார்க்கவும் அந்த வீட்டில் டார்ச் வேண்டியிருந்தது.

"வலிக்குதுங்கறே. ஓட்டை எங்க இருக்கு?"

"உள்ளுக்குள்ள வலிக்குதுப்பா."

"ஒரு வருஷமா வலிக்குது உனக்கு. இந்நேரம் ஒரு வீடே கட்டிக் குடி போயிருக்கலாம்." டார்ச்சை அணைத்தார். "இன்னைக்கு டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்லேர்ந்து வர்றாங்க. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை. கடைசிப் பரீட்சை. அது போனால் இதுவரை எழுதியதெல்லாம் போனது போலத்தான்.

அந்த வீட்டின் மதில், சிறைச்சாலைக்காரர்கள் வந்து பார்த்துப் பாடம் படிக்க வேண்டிய மதில். அதற்குள்ளேயே சோப்பு காய்ச்சி, அறுத்து, அச்சுக் குத்தி, தாள் சுற்றினார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அவள். வெளியாள் ஒருவர் கிடையாது. வெளியே இருப்பவன் எல்லாம் ஏமாற்றுக்காரன் என்பது சோப்புக்காரரின் வேதம். கேட்டின் சாவி அவர் இடுப்பில் கிடந்தது. மகளை எட்டாவதோடு நிறுத்தியபோது, "சோப்பு தேய்க்கிறவன் படிச்சா தேய்க்கிறான்?" என்று கேட்டார்.

பெண்கள் கேட்டைத் தாண்டக் கூடாது என்ற சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பல். போன வருஷம் அவளுக்குக் கன்னம் வீங்கியபோது மூன்று நாள் வெந்நீரும் உப்பும்தான் வைத்தியம். நான்காம் நாள் கல்யாணத் தரகர் வந்து, "இந்த மூஞ்சியை எவன் பார்ப்பான்?" என்று கேட்டார். மறுகணமே கேட் திறந்தது. வலி மகளுடையதாக இருந்தவரை பொறுத்துக்கொள்ளலாம். பல் மாப்பிள்ளையுடையதல்லவா!

அம்மாவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கல்யாணமான புதிதில் அச்சு மெஷினின் கைப்பிடி தெறித்து அவள் முன் பல்லைக் கொண்டுபோய்விட்டது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். "உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, இனிமே யாருக்குக் காட்டப் போறே?" என்று பதில் வந்ததாம். அன்றிலிருந்து அவள் சிரித்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். சிரிக்க அப்படி அதிகச் சந்தர்ப்பமும் வரவில்லை.

பல் டாக்டர் ஒரு பெண்மணி. உள்ளே பெண்கள் கூட்டம் என்பதால் அண்ணன் வாசல் பெஞ்சிலேயே உட்கார வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. கவுன்ட்டரில் இருந்த அக்கா முதல் நாளே, "என்ன படிச்சிருக்கே?" என்று பேச்சுக்குக் கேட்டாள். இவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "அடியம்மா, பல்லைப் பிடுங்கும்போதுகூட யாரும் இப்படி அழலியே!" என்று பயந்துபோனாள் அக்கா. அந்தப் பல் மூன்றே தடவையில் சரியாகிவிட்டது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை தோறும் வைத்தியம் தொடர்ந்தது. எக்ஸ்ரே அறையின் மூலையில் பத்தாம் வகுப்புப் புத்தகங்களோடு அவள் உட்கார்ந்துகொள்வாள். "இது கிளினிக்கா, பள்ளிக்கூடமா?" என்று முணுமுணுத்த டாக்டர், அடுத்த வாரம் மின்விசிறி ஒன்றை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். தனித்தேர்வுக்குப் பெயர் கொடுத்ததும் அங்கிருந்துதான். கிளினிக்கின் பின்கதவு ஒரு சந்தில் திறக்கும். சந்து முடிகிற இடத்தில் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம். நான்கு பரீட்சைக்கு நான்கு பல்வலி வந்து போயிற்று. ஐந்தாவது வலியைத்தான் அப்பா நம்பவில்லை.

அவள் அச்சு மெஷினின் முன்னால் போய் உட்கார்ந்தாள். எதிரே அம்மா சோப்புக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். இரும்புக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் கட்டியில் அச்சு விழும். பிறகு கையை விடாமல் மெதுவாக மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். விட்டால் ஸ்பிரிங் அதை முகத்துக்குத் தூக்கி எறியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே கற்ற பாடம், கைப்பிடியை விடாதே என்பதுதான்.

இழுத்தாள். கட்டியில் அச்சு விழுந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் தாள் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கையை விட்டாள்.

"ஐயையோ! முன் பல்லு போச்சே!" என்று அலறினாள் அம்மா. "சாயங்காலம் அவங்க வர்றாங்களே! இந்த வாயை வச்சுக்கிட்டு எப்படிக் காட்டுறது?"

வலியில் உயிர் போகிற அந்த நேரத்திலும் மகளுக்கு மனசு கசந்தது. பெற்றவளுக்குக்கூட முதலில் மாப்பிள்ளை வீடுதானா?

சோப்புக்காரர் ஓடி வந்தார். ரத்தத்தைப் பார்த்தார், பாதி உடைந்த பல்லைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "டேய், வண்டியை எடுடா! சாயங்காலத்துக்குள்ள பல்லு வந்தாகணும்!"

டாக்டர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். "பைத்தியமா உனக்கு?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே ஊசி போட்டு, பஞ்சை வைத்து அடைத்தார். "போ. நேரமாச்சு. வந்து கட்டிக்கலாம்."

பரீட்சை அறையில் மேற்பார்வையாளர், "என்னம்மா வாயில?" என்று கேட்டார். அவள் பஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதட்டாமல் நகர்ந்துவிட்டார். உதடு மரத்து, காது வரைக்கும் விண்விண்ணென்று தெறித்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி எழுதினாள். ஒரு முக்கோணத்தை மட்டும் இரண்டு முறை அழித்து வரைய வேண்டியதாயிற்று.

வெளியே பெஞ்சில் அண்ணன் பொறுமை இழந்துகொண்டிருந்தான். "ஒரு பல்லுக்கு இவ்ளோ நேரமாக்கா?"

"முன் பல்லுப்பா," என்றாள் கவுன்ட்டர் அக்கா. "பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு நீதானே சொன்னே? அவசரத்துல கோணலா வச்சு அனுப்பட்டுமா?"

பரீட்சை முடிந்து பின்கதவு வழியாக வந்தவளுக்குத் தற்காலிகமாக ஒரு பல்லை ஒட்டி அனுப்பினார் டாக்டர். "எதையும் கடிக்காதே. லேசா இழுத்தாலே கழண்டு வந்துடும்."

சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் அவளை ஏற இறங்கப் பார்த்து, "எங்கே, ஒரு தரம் சிரிம்மா," என்றாள். சிரித்தாள். "பல் வரிசை நல்லா இருக்கு."

"பல்லு விஷயத்துல நான் குறை வச்சதே இல்லீங்க," சோப்புக்காரர் பூரித்துப்போனார். "மத்தபடி பொண்ணு கேட்டைத் தாண்டினது கிடையாது. படிப்பு, கிடிப்புன்னு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை."

அவள் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு அந்தப் பல்லைக் கழற்றினாள். மாப்பிள்ளையின் தாயாருக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்தாள்.

"இது ஒட்டுப் பல்லுங்க. பத்தாவது பரீட்சை எழுதியிருக்கேன். இன்னைக்குக் காலைல கணக்கு."

வந்தவர்கள் கிளம்பும் அவசரத்தில் ஒருவருடைய செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு போனார்கள். அதன்பின் நடந்ததைச் சொல்லாமல் விடுவது நல்லது. சோப்புக்காரர் கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார். "இனிமே உனக்குப் பல்லும் கிடையாது, டாக்டரும் கிடையாது," என்றார். ஒரு மாதத்துக்கு மேல் சொன்ன சொல்லில் நின்றார்.

பிறகு தரகர் இன்னொரு இடம் கொண்டுவந்தார். "நல்ல இடம். ஆனா பல்லு?" என்று இழுத்தார்.

சோப்புக்காரர் இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும் தன் கையாலேயே இரண்டு பூட்டையும் திறந்தார். ஊரில் வேறு பெண் பல் டாக்டர் கிடையாது. வேறு வழியில்லை. பல் இல்லாத பெண்ணை விற்க அவருக்குத் தெரியாது.

அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மகளின் கையில் கொடுத்தாள். கனத்தது. மேலாக ஒரு துண்டு. அடியில் அவளுடைய துணிகள் அத்தனையும், அம்மாவின் நல்ல புடவை ஒன்றும்.

"எதுக்கு இவ்ளோ பெரிய பை?" என்றார் அப்பா.

"ரத்தம் வந்தா துடைக்கத் துணி வேணாமா?" என்றாள் அம்மா. பிறகு மகளின் காதருகே குனிந்து, "அன்னைக்கு நான் வேற என்ன கத்தியிருந்தாலும் அவர் கேட்டைத் திறந்திருக்க மாட்டாருடி," என்றாள். சிரித்தாள். பொத்திக்கொள்ளக் கை எழவில்லை. அந்த ஓட்டையை மகள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கட்டிக்கொள்ளக்கூட முடியாமல் வண்டியில் ஏறினாள்.

கிளினிக்கில் கவுன்ட்டர் அக்கா அவளைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள். "எங்கடி போயிருந்தே இத்தனை நாளா? எல்லாத்துலயும் பாஸ்! தொழிற்படிப்புக்கு மனு போட இந்த வாரம்தான் கடைசி. விடுதியில இடத்துக்கு டாக்டர் சொல்லி வச்சிருக்காங்க."

டாக்டர் நாற்காலியைச் சாய்த்தார். "உட்காரு. முதல்ல அந்தப் பல்லைக் கட்டி விட்டுடறேன்."

அவள் நின்றபடியே உடைந்த பல்லை நாக்கால் தடவிப் பார்த்தாள்.

"இப்போ வேணாம் டாக்டர். நான் சம்பாதிச்சுக் கட்டிக்கறேன்."

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். கவுன்ட்டர் அக்கா சந்து முனை வரைக்கும் கூடப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறிய பிறகு வாசல் பெஞ்சிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் எவ்ளோ நேரமாகும்க்கா?"

"முன் பல்லு தம்பி," என்றாள் அக்கா. "வருஷக் கணக்காகும். நீ வீட்டுக்குப் போ."